இரண்டாவது பிரேக்

நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதும் மாஸ்டர் பிரேக் போடுகிறார். எதிரில் இருப்பவர் டீ கோப்பையை மேசையின் ஓரத்தில் வைத்தால், அவருடைய வலது கால் தரையை ஓர் அழுத்து அழுத்துகிறது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நடைபாதையில் ஒரு குழந்தை ஓடினால் அழுத்துகிறது. தொலைக்காட்சியில் யாரோ படிக்கட்டில் வேகமாக இறங்கினால் அதற்கும் அழுத்துகிறது. அழுத்துவது அவருக்கே தெரியாது. வலது கால் ஷூவின் அடி மட்டும் தேய்ந்துபோய், இடது கால் ஷூவுக்கு அண்ணன் போல இருக்கிறது.

மாஸ்டருக்கு வயது இருபத்தாறு. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். நான் அவருடைய மாணவி; எனக்கு ஐம்பத்து மூன்று. “இந்த வயசுல எதுக்கு?” என்று வீட்டில் கேட்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து வாயாலேயே வண்டி ஓட்டியவள் நான். கையாலும் ஓட்டிப் பார்க்கலாமே என்று வந்தேன். பெற்ற பிள்ளை வயதுள்ளவரை ‘மாஸ்டர்’ என்கிறேன், அவர் என்னை ‘மேடம்’ என்கிறார். முதல் நாளே இருவருக்கும் ஒத்துப்போய்விட்டது. அவசரக்காரர்களுக்குள் ஒரு சொந்தம் உண்டு.

அவருடைய வண்டி வெளிர்நீலச் சின்னக் கார். கூரையில் எல் போர்டு. மற்ற வண்டிகளில் இல்லாத ஒன்று அதில் உண்டு: மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் காலடியில் ஒரு பிரேக். கற்றுக்கொள்கிறவர் தப்புச் செய்தால் அவர் அதை மிதிப்பார், வண்டி நின்றுவிடும். ஆனால் நான் தப்புச் செய்து வண்டி நின்றதாக எனக்கு நினைவில்லை. தப்புச் செய்யலாமா என்று யோசிக்கும்போதே நின்றுவிடும். “நீங்க இப்ப கண்ணாடி பாக்காம திரும்பப் போறீங்க மேடம்,” என்பார். பார்த்திருப்பேனா, மாட்டேனா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

“ஏன் மாஸ்டர், ஒரு தப்பையாவது என்னை முழுசாப் பண்ண விடமாட்டீங்களா?”

“முடிக்க விட்டா ஆள் போயிடும் மேடம். பாதியிலயே பிடிச்சாத்தான் உண்டு.”

பேச்சிலும் இதே பிரேக்தான். “நேத்து என் பொண்ணு…” என்று நான் ஆரம்பித்தால், “போன் பண்ணாங்களா? ரொம்ப நல்லது மேடம். இண்டிகேட்டர் போடுங்க,” என்று முடித்துவிடுவார். என் பெண் போன் செய்யவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன். அதற்குள் திருப்பம் வந்துவிடும், அதற்கப்புறம் அடுத்த திருப்பம். கெட்ட எண்ணம் கிடையாது. நாம் ஒரு வாக்கியத்தைத் தூக்கிக்கொண்டு சிரமப்படுவதைப் பார்க்க அவருக்குப் பொறுக்காது. ஓடிவந்து மறு முனையைப் பிடித்துக்கொள்வார்.

இந்த மனிதருக்கு டாக்டராக வேண்டும். அதுவும் விளையாட்டுக்கில்லை. மருத்துவக் கல்லூரியின் எழுத்துத் தேர்வில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறார். அந்த மார்க் மூன்று வருடம்தான் செல்லும். முதல் வருட இன்டர்வியூவில் பதற்றத்தில் கதவு மாறி நுழைந்து, உள்ளே இருந்த பெண்ணைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நேரம் போய்விட்டது. இரண்டாவது வருடக் கதையைப் பிறகு சொல்கிறேன். இது மூன்றாவது வருடம். இந்த முறையும் கோட்டை விட்டால் மறுபடி எழுத்துத் தேர்விலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு வண்டியை நிறுத்திவிட்டுப் படிக்க வேண்டும். வண்டி நின்றால் வீடும் நின்றுவிடும். “இதுதான் மேடம் கடைசி பஸ்,” என்று அவரே சொல்வார். சொல்லிவிட்டு உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொள்வார்.

அந்தக் கல்லூரி இன்டர்வியூ, மேசைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்து முறைக்கிற பழைய மாதிரி கிடையாது. ஒரு நீளமான நடைவழி, வரிசையாக அறைகள். ஒவ்வொரு கதவிலும் ஓர் அட்டை. மணி அடித்தால் அட்டையைப் படிக்க வேண்டும். அடுத்த மணிக்கு உள்ளே போக வேண்டும். அதற்கடுத்த மணிக்கு எழுந்து வெளியே வந்துவிட வேண்டும், பாதி வார்த்தை வாயில் இருந்தாலும் சரி. ஓர் அறையில் கேள்வி கேட்பார்கள், ஓர் அறையில் படம் காட்டிக் கருத்துக் கேட்பார்கள். ஓர் அறையில் நோயாளி இருப்பார். நிஜ நோயாளி அல்ல, நடிக்க வந்தவர். மூலையில் ஒருவர் வாயே திறக்காமல் உட்கார்ந்து மார்க் போடுவார்.

போன வருடம் அந்த அறையில் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி இருந்தாளாம். “கொஞ்ச நாளா தலைவலிங்க…” என்றாளாம். போதாதா நம்மவருக்கு? தூக்கம், தண்ணீர், கண் பரிசோதனை, ரத்த அழுத்தம் என்று வரிசையாக எடுத்துவிட்டார். அவள் வாயைத் திறந்தபோதெல்லாம் அவள் கேட்கப்போகும் சந்தேகத்தைத் தானே கேட்டுத் தானே தீர்த்துவைத்தார். எல்லாம் சரியான பதில். மணி அடித்தது. எழுந்து கதவு வரை போனவரைப் பார்த்து அந்தப் பெண், நடிப்பை விட்டுவிட்டு, சொந்தக் குரலில் சொன்னாளாம்: “நான் இன்னும் விஷயத்துக்கே வரலியே தம்பி.”

இதை மாஸ்டர் ஒரு தமாஷாகத்தான் என்னிடம் சொன்னார். அவள் குரலில் பேசிக் காட்டினார். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அவர், “என்ன விஷயமா இருந்திருக்கும் மேடம்?” என்றார். ஒரு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது.

டிரைவிங் ஸ்கூலை ஆரம்பித்தவர் அவருடைய அப்பா. வண்டியின் இரண்டாவது பிரேக்கைப் பக்கத்தில் நின்று பொருத்தி வாங்கியவர் அவர்தான். நான்கு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டன. கையில் கொஞ்சம் உயிர் வந்துவிட்டது. பேச்சு வரவில்லை, முதல் எழுத்து வரும், அதோடு நிற்கும். மாடியில் உள்ள வீட்டில் தனியாக விட முடியாது என்பதால், பகலெல்லாம் ஸ்கூலின் முன்னறையில், போக்குவரத்துக் குறிகள் வரைந்த பலகைக்குக் கீழே, கைவைத்த நாற்காலியில் உட்கார்த்தியிருப்பார்கள். சட்டை எப்போதும் இஸ்திரி போட்டிருக்கும். காலர் பட்டன்வரை போட்டிருக்கும். அது மகனின் கைவேலை.

அப்பா “ஜ…” என்பார். “ஜன்னலைச் சாத்தணுமாப்பா? இதோ,” என்று மாஸ்டர் சாத்திவிடுவார். “த…” என்பார். தண்ணீர் வந்துவிடும். அப்பா தலையை ஆட்டுவார். ஒருமுறை, தண்ணீரைப் பாதி குடித்துவிட்டு, மறுபடி அதே “த…”வை ஆரம்பித்தார். “தலையணையா? சரிப்பா,” என்று அதுவும் வந்தது. அதற்கும் ஆட்டினார். என்ன பிள்ளை, எப்படிப்பட்ட பிள்ளை என்று நான் வியந்து போனேன். என் வீட்டில் முழு வாக்கியமாகச் சொன்னாலும் தண்ணீர் வராது.

அப்பா விழுந்த அன்று மாஸ்டர் பக்கத்தில்தான் இருந்தாராம். ஒருநாள் சிக்னலில் நிற்கும்போது அவராகவே சொன்னார்.

“என்னமோ சொல்ல வந்தாரு மேடம். ‘டேய், அந்த…’ன்னாரு. அதோட நின்னுட்டாரு. நான் என்னப்பா என்னப்பான்னு கத்தறேன். அந்தன்னா எந்த? அதுலேர்ந்து யாராவது பாதியில நின்னா எனக்குத் தாங்காது. பச்சை விழுந்துடுச்சு மேடம், எடுங்க.”

பச்சை இன்னும் விழவில்லை. அடுத்த நொடி விழுந்தது.

இன்டர்வியூவுக்கு அவரைத் தயார் செய்யும் பொறுப்பை முதலில் எடுத்துக்கொண்டவர் சித்தப்பா. ஸ்கூலின் கணக்கு வழக்கு, போன், லைசென்ஸ் அலுவலகத்துக்கு அலைவது எல்லாம் அவர்தான். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, மேசைக்குப் பின்னால் கல்லூரி முதல்வராக உட்காருவார். “மனுஷனுக்கு எத்தனை எலும்பு? டக்குனு சொல்லு!” என்பார். “அதெல்லாம் கேக்க மாட்டாங்க சித்தப்பா,” என்றால் கோபம் வரும். “கேள்வி காதுல விழறதுக்குள்ள பதில் வாயில இருக்கணும்டா. அதான் சுறுசுறுப்பு. அதைப் பாத்துதான் சீட்டு குடுப்பான்.” கெட்டது போங்கள். ஏற்கெனவே பேய், இதில் சாம்பிராணி வேறு. மேசைக்கு அடியில் மாஸ்டரின் கால் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது.

அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் வாயைக் கொடுத்தேன். “நான் நோயாளியா நடிக்கறேன் மாஸ்டர். பத்திரிகையில எழுதறவ. பொய் சொல்ல எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.”

அன்றிலிருந்து பாடத்தின் கடைசிப் பகுதி எனக்கு நடிப்பு, அவருக்குப் பரீட்சை. பழைய கிடங்கு ஒன்றின் மதில் ஓரமாக வண்டியை நிறுத்துவோம். எதிர்ப்பக்கம் மாடிவீடுகள், கொடியில் துணிகள். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டே வியாதி சொல்வேன். ஒரு விதி வைத்தேன்: நான் முடிப்பதற்குள் அவர் வாயைத் திறந்தால் ஹாரன் அடிப்பேன்.

“டாக்டர், நெஞ்சுல ஒரு…”

“எரிச்சலா, அடைப்பா?”

பாம்!

“ஒரு மாதிரியா இருக்கு டாக்டர். வீட்டுல யாருகிட்டயும்…”

“சொல்லலையா? சொல்லணும்மா, குடும்பத்துல…”

பாம்! பாம்!

முதல் வாரம் அந்தத் தெரு என்ன பாடுபட்டது என்று எனக்கும் ஹாரனுக்கும்தான் தெரியும். துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, “யாருக்குங்க உடம்பு சரியில்ல, வண்டிக்கா?” என்று கேட்டாள். மாஸ்டர் இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அவள் பேச ஆரம்பிப்பதற்கு முன்பே கேட்டுவிட்டார் என்பதைக் கவனித்தேன்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இது தொட்டில் பழக்கம் இல்லை, சம்பளத்துக்கு வந்த பழக்கம். அதனால் விடுமென்று நம்பினேன். விடவும் தொடங்கியது. கன்னத்தின் உட்பக்கத்தைக் கடித்துக்கொள்வார். கண்களைச் சாலையிலிருந்து பிடுங்கி என் முகத்தில் வைப்பார். நான் வேண்டுமென்றே இழுப்பேன். ‘அது வந்து’ என்பேன். கைப்பையில் எதையோ தேடுவேன். அவர் நெற்றியில் வியர்வை கோத்து நிற்கும். இருந்தாலும் காத்திருப்பார். ஹாரன் ஒலி குறைந்தது. ஒருநாள் ஒன்றுகூட அடிக்கவில்லை. மாடிப் பெண் கொடியருகே நின்று, “குணமாயிடுச்சா?” என்று கேட்டாள். மாஸ்டர் அவளைப் பார்த்துச் சிரித்தார். அவர் பல்லை நான் அன்றுதான் முழுசாகப் பார்த்தேன்.

இன்டர்வியூவுக்கு ஒரு வாரம் இருக்கும். கிடங்கு மதில் ஓரத்தில் நடிப்பு முடிந்து வண்டியை எடுத்தேன். மனசு லேசாக இருந்தது, அது ஒரு ஆபத்து. சந்து முனையில் பேக்கரிக்குச் சாமான் கொண்டுவந்த வேன் ஒன்று நின்றுகொண்டிருந்தது. நான் சந்துக்குள் திரும்பினேன். அகலம் போதாமல் திரும்பினேன். வேனின் கதவைத் திறந்துகொண்டு ஓட்டுநர் கீழே கால் வைத்தார். அவரை நான் பார்த்தேன். பக்கத்திலிருந்து பிரேக் விழும் என்று என் கால் சும்மா இருந்தது. விழவில்லை. விழவே இல்லை. நானே அலறிக்கொண்டு மிதித்தேன். அதே நேரத்தில் மாஸ்டரும் மிதித்தார். வேனின் பக்கக் கண்ணாடி எங்கள் கண்ணாடியில் பட்டு மடங்கித் தொங்கியது. ஓட்டுநர் தன் கதவோடு ஒட்டிக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். அவருக்கும் எங்கள் வண்டிக்கும் நடுவில் ஒரு ரொட்டித் தட்டு நுழையலாம். அவ்வளவுதான் இடம்.

அவர் திட்டியது நியாயம். எதையும் மறுக்காமல் வாங்கிக்கொண்டோம். அவர் போன பிறகு பார்த்தால் மாஸ்டரின் முகத்தில் ஒரு சொட்டு ரத்தமில்லை.

“பாத்தேன் மேடம். அவர் கதவைத் திறக்கறதைப் பாத்தேன். நீங்க இடிக்கப் போறீங்கன்னும் தெரிஞ்சுது.” உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். “காத்துக்கிட்டிருந்தேன்.”

பழக்கத்தை விடவைத்தேன் என்று பெருமைப்பட்டேனே, எந்தப் பழக்கம் ஊரில் பத்து பேரை உயிரோடு வைத்திருக்கிறதோ அதைத்தான் விடவைத்திருக்கிறேன். ஸ்கூலுக்குத் திரும்பியதும் சித்தப்பா கேட்ட கேள்வியில் தப்பில்லை: “டாக்டராகறதுக்கு முன்னாடியே ஆளைக் கொல்லப் பாக்கறியா?” நாற்காலியிலிருந்து அப்பா மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். “ப…” என்றார். “பயப்படாதப்பா, யாருக்கும் ஒண்ணும் ஆகல,” என்று மாஸ்டர் அவருக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனார்.

மறுநாள் ஒத்திகைக்கு வர மறுத்துவிட்டார். “வேணாம் மேடம். எனக்கு ரெண்டுல ஒண்ணுதான் வரும். ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு இருந்தா யாரையாவது சாகடிச்சிடுவேன்.” பாடம் மட்டும் நடத்தினார். பழையபடி, நான் நினைப்பதற்கு முன்பே மிதித்தார். வண்டி முன்னைவிட அதிகமாகக் குலுங்கியது. இரவில் தூக்கமில்லை என்பது கண்ணின் கீழே தெரிந்தது. சாலையில் போய்க்கொண்டே பதில்களை முணுமுணுத்தார். ‘நான் ஏன் மருத்துவராக விரும்புகிறேன் என்றால்’ என்று தொடங்கும் அந்தப் பதில் எனக்கே மனப்பாடமாகிவிட்டது. தாளில் எழுதியதைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். எடுத்து எடுத்து மடிப்பில் கிழிந்து நாலு துண்டாகிவிட்டது.

இன்டர்வியூ அன்று அவரால் சாவியைத் துவாரத்தில் நுழைக்க முடியவில்லை. சாவியை என்னிடம் நீட்டினார். “இன்னிக்குப் பாடம் தூரமாப் போறது மேடம். நீங்க ஓட்டுங்க.” மாணவி ஓட்டிக்கொண்டு போய் வாத்தியாரைப் பரீட்சையில் இறக்கிவிட்ட கதை எங்காவது உண்டா? ஊரின் மறுகோடி வரைக்கும் ஓட்டினேன். அவருடைய புதுச் சட்டைக் காலரில் அட்டை குத்திய தடம் இருந்தது. ரவுண்டானாவில் என் உயிர் போய் வந்தது. அவர் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

கல்லூரி வண்டி நிறுத்துமிடத்தில் எல்லா வண்டிக்குள்ளும் பெற்றோர் இருந்தார்கள். ஒரு அம்மா மகளின் காலரை வெறும் கையாலேயே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பையன் தூணைப் பார்த்து வணக்கம் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தான். மாஸ்டர் இறங்கி, கதவைச் சாத்தி, நான்கு அடி போய்த் திரும்பி வந்து, “ஹேண்ட் பிரேக் போட்டீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார். போட்டிருந்தேன். அவர் போன பிறகு மறுபடி ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டேன். என் பெண்ணுக்குப் பிரசவம் நடந்தபோதுகூட நான் இப்படி உட்கார்ந்து நகம் கடிக்கவில்லை.

அவர் வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் வண்டியை எடுக்கவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்க எனக்குப் பயம்.

“எல்லாம் மறந்துடுச்சு மேடம்,” என்றார்.

அந்த அறையின் கதவில், ‘இந்தப் பெண் மாத்திரை சாப்பிடுவதை நிறுத்திவிட்டார், பேசுங்கள்’ என்று மட்டும் இருந்ததாம். உள்ளே ஒரு வயதான பெண். இவர் உட்கார்ந்தார். மாத்திரையின் அவசியம் பற்றி அழகாகத் தயாரித்து வைத்திருந்ததெல்லாம் துடைத்துவிட்ட பலகை மாதிரி ஆகிவிட்டது. “வணக்கம்மா, சொல்லுங்க,” என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. அவளும் பேசவில்லை. மூலையில் இருந்தவர் பேனாவை உருட்டும் சத்தம் கேட்டதாம். எழுந்து ஓடிவிடலாமா என்று தோன்றியதாம்.

“பொறுமையெல்லாம் இல்ல மேடம். பொய் சொல்லக் கூடாது. எனக்கு வாய் ஒட்டிக்கிச்சு. அவ்வளவுதான். சும்மா அவங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். ரொம்ப நேரம் கழிச்சு அவங்களா சொன்னாங்க. ‘மாத்திரை போட்டா அசந்து தூங்கிடறேன் டாக்டர். எங்க வீட்டுக்காரருக்கு ஞாபகம் தப்பிடுச்சு, ராத்திரியில கதவைத் திறந்துக்கிட்டு வெளிய போயிடறாரு. நான் தூங்கிட்டா அவரை யாரு பிடிக்கறது?’ன்னாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“மணி அடிச்சிடுச்சு.”

போன வருடம் அந்தத் தலைவலிப் பெண் சொல்வதற்கு முன் மணி அடித்தது. இந்த வருடம் இவர் சொல்வதற்கு முன். எதற்கு மார்க், எதற்கு இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. மூலையில் இருந்தவர் நல்லதாக எழுதினாரா, ‘வாயே திறக்காத ஆசாமி’ என்று எழுதினாரா? முடிவு வர மூன்று வாரமாகும். அவ்வளவு நாள் இவரை எப்படி வைத்துக்கொள்வது என்ற கவலையோடு வண்டியை எடுத்தேன். திரும்பும் வழியில் ஒரு தடவை தப்பான கியரைப் போட்டேன், அவர் கவனிக்கவே இல்லை.

ஸ்கூல் வாசலிலேயே சித்தப்பா பிடித்துக்கொண்டார். “என்னடா, என்ன கேட்டாங்க? டக்கு டக்குனு சொன்னியா? முகத்தைப் பாத்தா சரியில்லையே. சீட்டு உண்டா, இல்லையா?” மாஸ்டர் அவரைத் தாண்டி உள்ளே போய், அப்பாவின் எதிரே இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

அப்பா மகனைப் பார்த்தார். காலரை, கையை, முகத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

“உ… உன…”

மாஸ்டரின் உதடு வழக்கம்போல் பிரிந்தது. பிரிந்தது, நின்றது. மெதுவாக உள்ளங்கையை எடுத்துத் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

“உனக்கு…”

அதற்கு முன் அப்பாவின் வாயிலிருந்து ஒரு முழு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. நல்ல கை நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தது. தெருவில் ஏதோ வண்டி வந்து, நின்று, ஆளை இறக்கிவிட்டுப் போனது. கடைவாயில் எச்சில் வழிந்தது. மாஸ்டர் துடைக்க எழவில்லை. எனக்கு எழுந்து வெளியே போய்விடலாம் போலிருந்தது.

“ப… ப…”

“பசிக்குதான்னு கேக்கறாருடா,” என்றார் சித்தப்பா. மாஸ்டர் திரும்பாமலே இன்னொரு கையை உயர்த்திச் சித்தப்பாவை நிறுத்தினார். சித்தப்பா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

“பயமா…” அப்பா மூச்சு வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி தொடங்கினார். “பயமா… இருந்துச்சா?”

வாயிலிருந்து கையை எடுக்காமலே, மாஸ்டர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.